அக்காவின் கணினி: ஒரே ஃபைல்களை இரண்டு முறை அடுக்கியது ஏன்?

என் அக்கா மொழிபெயர்ப்பாளர். வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவள். சென்ற ஆண்டு அவளுடைய ஒரு புத்தகத்துக்கு மறுபதிப்பு வந்தது. திருத்திய பிரதியைப் பதிப்பகம் கேட்டது, அன்று மாலையே அனுப்பிவிட்டாள். பக்க வடிவமைப்பு பாதி முடிந்த பிறகுதான் அவள் அனுப்பியது இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்கு முந்தைய பிரதி என்று தெரியவந்தது. வடிவமைத்தவர் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அக்கா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அவள் கவனக்குறைவான ஆள் இல்லை. அதனால் தவறு எப்படி நடந்தது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தப் புத்தகத்தின் வேர்ட் ஃபைல் ஏழு இருந்தன. மின்னஞ்சலிலிருந்து ஒவ்வொரு முறை இறக்கும்போதும் பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1), (2) என்று ஒட்டிக்கொண்டே போயிருந்தது. அக்காவே வைத்த பெயர்கள் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சரிபார்த்தது'. கடைசியாகத் திருத்தியது எதுவென்று பார்க்க, மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தி மேலே இருந்ததை எடுத்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு சொல்லை முதலில் எப்படி மொழிபெயர்த்தோம் என்று பார்ப்பதற்காகப் பழைய பிரதியைத் திறந்திருக்கிறாள். மூடும்போது கை பழக்கத்தில் சேமித்தும் விட்டாள். அந்த நொடியில் பழைய பிரதிக்குப் புதிய தேதி வந்துவிட்டது. மாற்றிய தேதியைப் பார்த்து ஃபைல் கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்பதைத்தான் அறிய முடியும். அதற்குள் இருக்கும் எழுத்து எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதை அறிய முடியாது.

இதற்குப் பிறகுதான் முழுக் கணினியையும் ஒழுங்குபடுத்தலாம் என்று முடிவு செய்தோம். முதல் முறை நான் செய்தது தவறாகப் போனது. அந்தத் தவறிலிருந்துதான் அதிகம் கற்றேன் என்பதால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடுவதற்கு முன்

மடிக்கணினியில் 512 ஜிபி டிஸ்க், ஏறக்குறைய நிறைந்திருந்தது. அதோடு வெளியே இணைக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. பழைய இரண்டு கணினிகளின் பேக்கப், நான்கு போன்களின் பேக்கப் எல்லாம் அதில் இருந்தன.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு முழு நகல் எடுத்தோம். இதைத் தவிர்த்துவிட்டு ஒழுங்குபடுத்தத் தொடங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், அந்தப் பிடிவாதம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. நகல் எடுப்பதிலேயே மூன்று தடைகள் வந்தன.

முதலாவது, வீட்டில் கிடந்த இன்னொரு டிஸ்க்கில் போட்டபோது ஒரு பெரிய வீடியோ மட்டும் போக மறுத்தது. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. அது ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது, அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபி அளவை எட்ட முடியாது. டிஸ்க்கை அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றித் தொடர்ந்தோம்.

இரண்டாவது தடை பாதையின் நீளம். விண்டோஸில் டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் முடியும்வரை மொத்தப் பாதைக்கும் நீண்ட காலமாக 260 எழுத்துக் குறிகள்தான் வரம்பு. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1607 முதல் அந்த வரம்பை நீக்கும் அமைப்பு இருக்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. பேக்கப்புக்குள் பேக்கப், அதற்குள் பழைய டெஸ்க்டாப், அதற்குள் 'நியூ ஃபோல்டர்' என்று போனால் இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். 'மொழிபெயர்ப்பு' என்ற சொல் நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கு அது 13, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி போன்றவை தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. நடுவில் இருந்த சில ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கியதும் நகல் போனது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கிளவுடோடு இணைந்த ஃபோல்டரில் பல ஃபைல்களுக்குப் பக்கத்தில் சிறிய மேகக் குறி இருந்தது. அவை கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. அவற்றை முதலில் கணினிக்கே இறக்கிவைக்கச் சொல்லி, முழுதாக இறங்கிய பின்தான் நகல் எடுத்தோம். பிறகு ஒழுங்குபடுத்தி முடியும்வரை அந்த ஒத்திசைவை நிறுத்திவைத்தோம். ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியில் ஒன்றை அழித்தால் இணையத்திலும் போனிலும் சேர்ந்தே அழிந்துவிடும். அங்குள்ள குப்பைத்தொட்டியிலும் பெரும்பாலும் 30 நாள் வரைதான் இருக்கும். கிளவுடில் இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்று நம்புபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நகல் முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் ஒப்பிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த இருபது ஃபைல்களைத் திறந்தும் பார்த்தோம்.

முதல் முயற்சி

எங்கே எவ்வளவு இடம் போகிறது என்று காட்டும் விஸ்ட்ரீ என்ற மென்பொருளை ஓட்டினேன். திரை முழுக்க வீடியோக்களும் போன் பேக்கப்புகளும். அக்காவின் வேர்ட் ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து 2 ஜிபி கூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து, பெரிய கட்டங்கள்தான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன். நான் வழி தவறியது அங்கேதான். இடத்தை அடைத்திருந்தது வீடியோக்கள், அக்காவைத் தூங்க விடாமல் செய்ததோ அந்த 2 ஜிபி.

அடுத்து, எனக்குத் தெளிவாகத் தெரிந்த முறையில் எல்லாவற்றையும் வகைப்படி பிரித்தேன். ஆவணங்கள், பிடிஎஃப், எக்செல், படங்கள், வீடியோ, ஒலி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண்டு, ஆண்டுக்குள் மாதம். டெஸ்க்டாப்பில் எழுபதுக்கு மேல் ஐகான்கள் இருந்தன, எல்லாவற்றையும் எடுத்து அந்தந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து முடித்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து வைத்திருந்தேன். அக்காவுக்கு அவ்வப்போது தேவைப்படும் பத்து விஷயங்களைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லி நேரம் குறித்தேன். அப்போது ஆறு கிடைத்தன, நான்கு கிடைக்கவில்லை. என் ஒழுங்குக்குப் பிறகு அதே பத்தைக் கொடுத்தேன். நான்குதான் கிடைத்தன. "எல்லாத்தையும் அழகா அடுக்கிட்ட, ஆனா இது என் கணினி மாதிரியே இல்லை, எங்க போனாலும் வழி தெரியலை," என்றாள்.

வருத்தமாக இருந்தது. ஆனால் காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு வேலை என்றால் அதில் மூலப் புத்தகத்தின் பிடிஎஃப், மொழிபெயர்ப்பின் வேர்ட் ஃபைல், கலைச்சொற்கள் உள்ள எக்செல், அட்டைப் படம், ஒப்பந்தத்தின் ஸ்கேன் எல்லாம் உண்டு. அவை ஒன்றாக இருந்தவரை ஒன்று இன்னொன்றுக்கு அடையாளமாக இருந்தது. 'ஸ்கேன் 0014' என்பது எந்த ஒப்பந்தம் என்று அதன் பெயரிலிருந்து யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த புத்தகத்தை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். நான் அவற்றைப் பிரித்தபோது அந்த உறவு அறுந்துவிட்டது. பெயரில்லாத நூற்றுக்கணக்கான ஸ்கேன்கள் ஒரே இடத்தில் குவிந்தன.

டெஸ்க்டாப்பில் செய்தது இன்னும் மோசம். அங்கே இருந்த ஐகான்களில் பத்துப் பதினைந்து, நடந்துகொண்டிருந்த வேலைகள். கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் அவை நினைவூட்டலாக இருந்தன. நான் அவற்றை உள்ளே வைத்த வாரத்தில் ஒரு சிறிய வேலையின் கெடுவை அக்கா மறந்தே போனாள். தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் 1983இல் அலுவலக மேசைகளைப் பற்றி எழுதியதில் இதே விஷயம் இருக்கிறது: மேசைமேல் குவிந்து கிடக்கும் காகிதங்கள் பிறகு எடுப்பதற்காக மட்டும் அங்கே இருப்பதில்லை, செய்ய வேண்டியதை நினைவூட்டவும்தான் இருக்கின்றன. அதை நான் முன்பே படித்திருந்தும், அக்காவின் திரையில் பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை.

முழு நகல் இருந்ததால் ஒரே இரவில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது.

கேட்டுத் தெரிந்துகொண்டது

இரண்டாவது முறை ஃபைல்களைத் தொடவே இல்லை. இரண்டு மாலை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தேடும்போது அவள் வாயில் என்ன வருகிறது என்பதை மட்டும் குறித்தேன்.

"அந்தக் கடல் புத்தகம்." "மூணு பேர் சேர்ந்து பண்ணினோமே, அதோட சொல் பட்டியல்." வேலைகளை அவள் புத்தகத்தின் பொருளாலும் கொடுத்தவராலும் நினைவு வைத்திருக்கிறாள், ஆண்டு அவளுக்குத் தோராயமாகத்தான் தெரியும். படங்களைப் பற்றிப் பேசும்போது நிகழ்ச்சியைச் சொல்கிறாள், அதில் யார் இருந்தார்கள் என்று சொல்கிறாள். வரி, காப்பீடு, மருத்துவ அறிக்கைகள் என்று வந்தால் மட்டும் ஆண்டு முதலில் வருகிறது. ஒரே ஆள், மூன்று விதமாகத் தேடுகிறாள். நானோ மூன்றுக்கும் ஒரே அச்சை வைத்திருந்தேன். நம் வசதிக்கு ஓர் ஒழுங்கைப் போட்டு அதைப் பிறர் தலையில் வைப்பது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது என்பது எனக்கு அந்த இரண்டு மாலைகளில் புரிந்தது.

இரண்டாவது அமைப்பு

மேல்மட்டத்தில் ஐந்தே ஃபோல்டர்கள்: இப்போது, வேலைகள், குடும்பம், ஆவணங்கள், கிடங்கு.

'இப்போது' டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது. நடக்கும் வேலைகளின் ஃபோல்டர்கள் மட்டும் அதில் இருக்கும். வேலை முடிந்து பணமும் வந்ததும் அந்த ஃபோல்டரை அப்படியே 'வேலைகள்' ஃபோல்டருக்கு நகர்த்துவாள். ஒரு வேலை முடிந்த நிம்மதியோடு செய்யும் காரியம் என்பதால் இது அவளுக்குப் பிடித்துவிட்டது.

'வேலைகள்' ஃபோல்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர். அதன் பெயரில் கொடுத்தவர், அவள் வாயில் வரும் செல்லப் பெயர், கடைசியில் ஆண்டு. 'கடல் புத்தகம்' என்றே பெயர் வைத்தோம், புத்தகத்தின் முழுத் தலைப்பை வைக்கவில்லை. உள்ளே மூன்று: மூலம், மொழிபெயர்ப்பு, அனுப்பியது.

எல்லாவற்றுக்கும் காரணமான அந்தத் தவறுக்கு விடை 'அனுப்பியது' ஃபோல்டர்தான். எந்தப் பிரதியை யாருக்கு அனுப்பினாலும், அனுப்புவதற்கு முன் அதன் நகல் அதில் போகும். மின்னஞ்சலில் இணைப்பது அந்த நகலைத்தான். ஃபைலின் பண்புகளில் 'படிக்க மட்டும்' என்பதை டிக் செய்துவிடுவாள். அப்புறம் திறந்து பார்த்து, பழக்கத்தில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாலும் வேர்ட் வேறு பெயரைக் கேட்கும், பழையது மாறாது. 'ஃபைனல்' என்ற சொல்லுக்குத் தடை. பெயரின் தொடக்கத்தில் தேதி வரும்: 2023-07-04. ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம். பெயர்ப்படி அடுக்கினாலே காலப்படி அடுக்கியதாகிவிடும். ஒரு பிரதி எந்தச் சுற்று என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால் மாற்றிய தேதியை நம்பி இருக்க வேண்டியதில்லை. சாய்வுக் கோட்டைப் போட்டு 04/07 என்று எழுத விண்டோஸ் விடவும் விடாது. பெயரில் வரக் கூடாத ஒன்பது குறிகளில் அதுவும் ஒன்று.

ஒரே மாதிரி இரண்டு

நகல்களை நீக்குவதில்தான் பலர் கை வைத்துச் சுட்டுக்கொள்கிறார்கள். நகல் தேடும் மென்பொருள்கள் முதலில் அளவு ஒத்துப்போகும் ஃபைல்களைச் சேர்க்கும், பிறகு ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் என்ற ஒரு கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடும். எண் ஒன்றாக இருந்தால் உள்ளடக்கமும் ஒன்று. போன் பேக்கப்புகளுக்கு இது அருமையாக வேலை செய்தது. அதே படங்கள் மூன்று முறை இருந்தன.

ஆனால் எங்கே இது உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருக்கப்பட்டது, போனில் எடுத்த மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. ட்யூப்குரு போன்ற மென்பொருளில் உள்ள 'ஒத்த படம்' தேடல்தான் அதைப் பிடிக்கும். அங்கும் எதை வைப்பது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்தோம். வேர்ட் ஃபைலும் அப்படித்தான். அது உண்மையில் பல சிறிய ஃபைல்களைக் கொண்ட ஒரு ஜிப். ஒரு எழுத்தும் மாற்றாமல் சேமித்தாலும் உள்ளே இருக்கும் தேதி மாறி, ஹாஷும் மாறிவிடலாம். அந்த ஏழு பிரதிகளையும் வேர்டிலேயே உள்ள ஒப்பிடும் வசதியைக் கொண்டு இரண்டிரண்டாகப் பார்த்தோம். நிஜமான பிரதிகள் நான்குதான், மற்ற மூன்றும் வெறும் நகல்கள்.

இன்னொன்று: வேலை ஃபோல்டர்களுக்குள் இருந்த நகல்களைத் தொடவில்லை. ஒரே சொல் பட்டியல் ஐந்து வேலைகளில் இருந்தால் ஐந்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு ஃபோல்டரும் தன்னளவில் முழுமையாக இருப்பதோடு ஒப்பிட்டால் சில கேபி இடம் பெரிதில்லை.

தமிழ்ப் பெயர்களில் ஒரு விசித்திரம் கண்டோம். ஒரே ஃபோல்டரில் 'தொகுப்பு' என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள், ஒரே வகை, ஒரு எழுத்தும் வித்தியாசமில்லை. ஒரே பெயரை விண்டோஸ் இரண்டு முறை அனுமதிக்காதே என்று குழம்பினோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறி தரும் பொது முறையான யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், விண்டோஸுக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகளில் இருந்த ஃபைல் முறை பெயர்களை இப்படி இரண்டு குறிகளாகப் பிரித்து வைக்கும் பழக்கம் உள்ளது. இரண்டில் ஒன்று அக்காவோடு வேலை செய்தவரின் மேக்கிலிருந்து ஜிப்பாக வந்தது. ஒ, ஓ ஒலி வரும் சொல் ஒன்றைப் பெயரில் தேடியும் கிடைக்கவில்லை என்றால், இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த தேதி எக்ஸிஃப் தகவலாகப் படத்துக்குள்ளேயே இருக்கும், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் அதைப் படித்துப் பெயர் வைத்துவிடும். வாட்ஸ்அப் படங்களில் அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது, ஆனால் ஆண்ட்ராய்டு போனில் ஃபைலின் பெயரிலேயே எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். அது வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டு, நிகழ்ச்சி என்று இரண்டே அடுக்கில் முடித்தோம்.

மிச்சமிருந்தது எல்லாம் பிரிக்கப்படாமல் அப்படியே 'கிடங்கு' ஃபோல்டருக்குப் போனது. பழைய கணினிகளின் பேக்கப்பைப் பிரித்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் இந்த வேலை முடிந்திருக்காது. தேவைப்படும்போது உள்ளே போய் எடுத்து, எடுத்ததை மட்டும் சரியான இடத்தில் வைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து

அமைப்பு முடிந்த வாரத்தில் அதே பத்துக் கேள்விகளைக் கொடுத்தேன். ஒன்பது கிடைத்தன, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். பத்தாவது கிடங்கில் இருந்தது. கேள்விகள் பழகிப்போயிருக்கலாம் என்பதால் ஆறு மாதம் கழித்துப் புதிதாகப் பத்து எழுதிக் கொடுத்தேன். எட்டு கிடைத்தன. கிடைக்காத இரண்டும் டவுன்லோட்ஸில் கிடந்தன.

டவுன்லோட்ஸ்தான் நாங்கள் தீர்க்காத இடம். வெள்ளிக்கிழமைதோறும் காலி செய்வது என்று வைத்த விதி மூன்று வாரம் நடந்தது. பிறகு பிரவுசர் அமைப்பில் ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று கேட்கும்படி மாற்றினோம். அதற்குப் பிறகு குவிவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குடும்பப் படங்களுக்குத் தேதியோடு பெயர் வைக்கும் விதியையும் அக்கா பின்பற்றவில்லை. அதை நானே நீக்கிவிட்டேன், நிகழ்ச்சியின் பெயரே அவளுக்குப் போதும்.

'அனுப்பியது' மட்டும் ஒரு நாள் கூடத் தவறவில்லை. இடையில் இரண்டு பேர் பழைய பிரதியைக் கேட்டார்கள், இரண்டு முறையும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரியானதை எடுத்து அனுப்பினாள்.

பேக்கப் இப்போது இரண்டு டிஸ்க்குகளில். ஒன்று வீட்டில், ஒன்று என்னிடம். மாதம் ஒருமுறை சந்திக்கும்போது மாற்றிக்கொள்கிறோம்.

கிடங்கு 200 ஜிபிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்தில் அக்கா அதை நான்கு முறை திறந்திருக்கிறாள். அதற்குள் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அவளுடைய ஆரம்பகால மொழிபெயர்ப்புகள் சில இருக்கின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், உள்ளடக்கத்தைத் தேடியும் பிடிக்க முடியாது. முதலில் அந்தந்த எழுத்துருவோடு பிடிஎஃபாகச் சேமித்துவிட்டோம். யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்ப்பது பாக்கி. அதை அடுத்த மாதம் தொடங்குகிறோம்.